டிஜிட்டல் ஸ்கேனரா, அமெச்சூர் உரிமமா? கடலூர், புதுச்சேரிக் கரையில் புயலுக்கு முன் எதை வாங்குவது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைத் தொட்டு, நகர மறுத்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழையைக் கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்துக் கடலூரின் தாழ்வான குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அதற்குப் பிறகு எங்கள் பகுதி இளைஞர் மன்றங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகும் நேரத்தில், காவல்துறையும் தீயணைப்புத் துறையும் மீட்புப் படையும் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்பதற்கு டிஜிட்டல் ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?

கேட்பவர்கள் பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை. தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும், எல்லை தாண்டி நல்லவாட்டிலும் வீராம்பட்டினத்திலும், வெள்ளம் என்றால் படகை இழுத்துக்கொண்டு முதலில் தெருவுக்குள் இறங்குகிறவர்கள் இவர்கள்தான். எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்பது அரை மணி நேரம் முன்னதாகத் தெரிந்திருக்கக் கூடாதா என்ற ஆற்றாமையிலிருந்துதான் இந்த யோசனை பிறக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர் அடுத்த விடுமுறைக்கு வரும்போது வாங்கி வருவதாகச் சொல்லியிருப்பார். சில இடங்களில் பழைய அனலாக் ஸ்கேனர் ஒன்று மன்றத்து பீரோவில் கிடக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதற்கு மாறலாமா என்பதும் கேள்வியின் ஒரு பகுதி.

அமெச்சூர் வானொலி, அதாவது அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற்றுச் சொந்தக் கம்பியில்லாக் கருவியில் பேசும் பொழுதுபோக்கு, அதன் உரிமத்தோடு இந்தக் கரையில் இயங்கிவருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்கு டிஜிட்டல் ஸ்கேனர் வேண்டாம். அதற்கு ஆகும் அதே பணத்தைக் கொண்டு, கேட்பதோடு நில்லாமல் பேசவும் கூடிய, சட்டத்துக்கு உட்பட்ட ஏற்பாடு ஒன்றைச் செய்துகொள்ள முடியும். ஆனால் ஸ்கேனர் ஏன் வேண்டாம் என்பதைக் காரணத்தோடு சொல்லாவிட்டால், வாங்கி வர ஆயத்தமாக இருக்கும் உறவினரின் உற்சாகத்துக்கு முன்னால் என் சொல் நிற்காது.

ஸ்கேனர் என்பது பல அலைவரிசைகளை வேகமாக மாற்றி மாற்றிப் பார்த்து, எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நின்று ஒலிக்கும் வாங்கி. அனலாக் காலத்தில் அலைவரிசை எண் தெரிந்தால் போதும், பேச்சு அப்படியே காதில் விழும். டிஜிட்டல் முறையில் பேச்சு எண்களாகச் சுருக்கப்பட்டு அனுப்பப்படுவதால், அந்தச் சுருக்க முறை தெரிந்த கருவிக்கு மட்டுமே அது பேச்சாகத் திரும்ப விரியும். டி.எம்.ஆர். என்ற முறையில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையை இரண்டு உரையாடல்கள் 30 மில்லி வினாடித் துண்டுகளாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. பழைய அனலாக் கருவியில் அது தொலைவில் ஓடும் படகு எஞ்சினைப் போல விட்டு விட்டு அடிக்கும் அதிர்வாகக் கேட்கும். ஒரு சொல்லும் புரியாது. அமெரிக்கப் பொதுப் பாதுகாப்புத் துறைகள் பயன்படுத்தும் பி-25 முறையோ தொடர்ச்சியான கரகரப்பாக ஒலிக்கும். இவற்றோடு டிரங்கிங் என்ற ஏற்பாடும் சேர்ந்துகொள்கிறது. அதில் ஒரு குழுவுக்கென்று நிலையான அலைவரிசை கிடையாது. யாராவது பொத்தானை அழுத்தியவுடன், கட்டுப்பாட்டு அலைவரிசையில் இயங்கும் கணினி அந்த நேரத்தில் காலியாக உள்ள ஓர் அலைவரிசையை அக்குழுவுக்கு ஒதுக்குகிறது. அடுத்த பேச்சு வேறோர் அலைவரிசையில் நடக்கும். இதைப் பின்தொடரும் மூளை உள்ளே இருப்பதால்தான் டிஜிட்டல் ஸ்கேனர்களின் விலை அவ்வளவு உயர்ந்து நிற்கிறது.

யூனிடென் நிறுவனத்தின் எஸ்.டி.எஸ்.100 என்ற கைக்கருவி 2018-இல் வந்தது. ஒரே பேச்சைப் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும்போது, அவை சிறு கால இடைவெளியில் வந்து மோதிக் குழம்புவதுண்டு. இந்தக் குழப்பத்தை நன்றாகச் சமாளித்த ஸ்கேனர் என்பதால் அமெரிக்க ஆர்வலர்களிடையே அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. அங்கே அதன் விலை ஏறத்தாழ 700 டாலர். நம் பணத்தில் 60,000 ரூபாய்க்குக் குறையாது. டி.எம்.ஆர். பேச்சைக் கேட்க வேண்டுமானால் அதற்கான மென்பொருள் அனுமதிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கருவி மிகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பலத்தில் பாதி, உள்ளே ஏற்றப்பட்டிருக்கும் அலைவரிசைத் தரவுத்தளத்தில் இருக்கிறது. அமெரிக்கர் ஒருவர் தன் ஊரின் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால், அந்த மாவட்டத்தின் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் குழுக்கள் பெயரோடு திரையில் வந்து நிற்கும். ஆர்வலர்கள் பல்லாண்டு காலம் கூடிச் சேகரித்த தரவு அது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உரியது. அதே கருவியில் 607001 என்று கடலூரின் எண்ணைத் தட்டினால் எதுவும் வராது.

அடுத்தது, ஸ்கேனரால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் தாண்ட முடியாத சுவர். பேச்சு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், திறவுகோல் இல்லாத எந்தக் கருவியாலும் அதைத் திறக்க முடியாது. ஸ்கேனர் கேட்பது பெரும்பாலும் அனுமதிக்கப்பட்டுள்ள அமெரிக்காவிலேயே பெருநகரக் காவல்துறைகள் ஒவ்வொன்றாக மறையாக்கத்துக்கு மாறிவருகின்றன; நியூயார்க் காவல்துறை 2023-இல் அதைத் தொடங்கியது. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் பாதுகாப்புத் துறைகள் பயன்படுத்தும் டெட்ரா முறையை, மேலே சொன்ன விலையுயர்ந்த ஸ்கேனர்கள் மறையாக்கம் இல்லாதபோதும் பேச்சாக மாற்றித் தருவதில்லை. நம் 108 ஆம்புலன்சுகளோ பெரும்பாலும் கைபேசி வழியாகவே அனுப்பப்படுகின்றன. அங்கே கேட்பதற்கு வானொலிப் பேச்சே குறைவு. 60,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பிறகு திரையில் அலைவரிசை எண் ஓடிக்கொண்டே இருக்கும், காதில் ஒன்றும் விழாது என்ற நிலைக்கு வாய்ப்பு மிக அதிகம்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது சட்டம். 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே தடை செய்கிறது. அதன் பார்வையில் பேசும் கருவி, கேட்க மட்டுமான கருவி என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. வீட்டு ரேடியோப் பெட்டிக்கும் ஒரு காலத்தில் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. 1980-களில்தான் ஒலிபரப்பு வாங்கிகளுக்கு அந்தக் கட்டாயம் நீங்கியது. ஸ்கேனருக்கு அந்த விலக்கு இல்லை. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமோ, அனுமதியின்றிப் பிறர் செய்தியை இடைமறிப்பதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க வழி செய்கிறது. விமான நிலையச் சுங்கத்தில் கருவி பிடிபட்டால் கொண்டுவந்த உறவினர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஊருக்கு உதவ நினைத்த பிள்ளை ஒருவன் காவல்நிலையத்தில் நிற்பதைப் பார்க்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

சட்டத்துக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருக்கிறது என்பதை நான் மனதார ஏற்கிறேன். விபத்தில் சிக்கியவரின் பெயர், முகவரி, உடல்நிலை ஆகியவை அந்தப் பேச்சில் வந்து போகும். அரைகுறையாகக் கேட்ட ஒரு வரி வாட்ஸ்அப்பில் ஏறி, ஏரி உடைந்துவிட்டது என்று ஊரே மேட்டுக்கு ஓடுவதை நம் மாவட்டம் ஒவ்வொரு மழையிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

எனவே எந்தக் கருவி என்ற கேள்விக்கு முன்பாக, பேரிடர் நேரத்தில் நமக்கு உண்மையில் என்ன தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. புயல் வருகிறது என்ற செய்தி முந்தைய நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துறைமுகத்தில் கூண்டும் ஏற்றப்பட்டிருந்தது. தெரியாமல் போனது அதற்குப் பிந்தைய நிலைமைதான். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகளுக்குள் இருந்த ஒரு கிராமத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு மருந்து வேண்டும் என்பதை வெளியே சொல்ல வழி இல்லாமல் போனதுதான் பெரிய துன்பம். வெளியிலிருந்து வரும் எச்சரிக்கையைப் பெறுவது, உள்ளிருக்கும் நிலையை வெளியே சொல்வது, ஊருக்குள் தொண்டர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது என்ற மூன்று தேவைகளில், ஸ்கேனர் முதலாவதன் ஒரு ஓரத்தை மட்டுமே தொடுகிறது. மற்ற இரண்டுக்கும் அது வாயில்லாப் பெட்டி.

நம் கரையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1990-களின் இறுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, வில்லியனூரில் இருந்த தலைமை மையத்தையும் கிராமங்களையும் வி.எச்.எஃப். எனப்படும் மிக உயர் அலைவரிசைக் கம்பியில்லாக் கருவிகள் வழியாகவும் இணைத்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயர முன்கணிப்பு, மையத்தின் வழியாக வீராம்பட்டினம் வந்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குப் படிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல, மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவிப்பு செய்யப்பட்டது. சுமார் 500 குடும்பங்கள் உள்ள அந்த ஊரில் வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. யாருடைய இரகசியப் பேச்சையும் ஒட்டுக் கேட்டு அந்த ஊர் தப்பவில்லை. நம்பத்தகுந்த ஒருவர் நேராகச் சொன்னார், ஊருக்குள் அதை எல்லோர் காதிலும் போட ஒரு கருவி ஆயத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதே நாளில் அந்தமானில் நடந்ததை அமெச்சூர் வானொலிக்காரர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்வார்கள். உலக அமெச்சூர்களோடு பேசுவதற்கென்று போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும், தொலைபேசித் தொடர்பு அறுந்த அந்தத் தீவுகளிலிருந்து தங்கள் கருவிகள் வழியாகச் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். உறவினரைத் தேடித் தவித்த குடும்பங்களுக்கு முதல் தகவல் அந்த வழியில்தான் கிடைத்தது. உரிமம், பயிற்சி, ஆன்டெனா, மின்கலம் ஆகிய நான்கும் பேரிடருக்கு முன்பே கைவசம் இருந்ததால்தான் அது நடந்தது.

இனி மாற்று வழிகளுக்கு வருவோம். டிஜிட்டல் ஸ்கேனருக்கு விலை குறைந்த மாற்றாக இளைஞர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது எஸ்.டி.ஆர். எனப்படும் மென்பொருள் வானொலி. தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று தயாரிக்கப்பட்ட யு.எஸ்.பி. டாங்கிள் ஒன்றின் சில்லு, தான் வாங்கும் அலைகளை அப்படியே கணினிக்குக் கொடுக்கும் என்பது 2012-இல் கண்டறியப்பட்டது. அதிலிருந்து, சுமார் 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை வாங்கக் கூடிய கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கத் தொடங்கியது. மடிக்கணினியில் பொருத்தி மென்பொருளைத் திறந்தால், மேலிருந்து கீழாக நீல நிறத்தில் திரை வழிந்துகொண்டிருக்கும். எங்காவது ஒருவர் பேசத் தொடங்கினால் அந்த இடத்தில் மஞ்சள் கோடு ஒன்று விழும். பொத்தானை விட்டவுடன் கோடு அறுந்துவிடும். டி.எம்.ஆர். என்றால் கோடு சீரான இடைவெளியில் வெட்டி வெட்டி இறங்கும். ஒலியைக் கேட்காமலேயே கண்ணால் பார்த்து இது அனலாக், இது டிஜிட்டல் என்று சொல்லக் கற்றுக்கொள்ளலாம். அலை என்றால் என்ன, அகலம் என்றால் என்ன, ஆன்டெனாவை இரண்டடி உயர்த்தினால் என்ன மாறுகிறது என்பதைக் கற்க இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்பேன். சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பையும், ரஷ்யாவின் மெட்டியோர் வானிலைச் செயற்கைக்கோள் 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அனுப்பும் மேகப் படங்களையும் மொட்டை மாடியிலிருந்தே வாங்கலாம்.

ஆனால் புயல் இரவுக்கு அது துணை ஆகாது. மடிக்கணினி ஓட மின்சாரம் வேண்டும், மழை ஈரத்தில் கம்பிகளும் இணைப்புகளும் தொல்லை தரும், கருவியோ பேசாது. சட்ட நிலையும் ஸ்கேனருக்கு உள்ளதுதான், விலை குறைவு என்பதால் விதி மாறிவிடாது. அமெச்சூர் உரிமம் எடுத்த பிறகு, அமெச்சூர் அலைவரிசைகளைக் கற்கும் கருவியாக அதை வைத்துக்கொள்வதே முறை.

இணையக் கடைகளில் 2,000 ரூபாய்க்கு விற்ற சீன வாக்கி-டாக்கிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றில் பல 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் பேசக்கூடியவை. விவரம் தெரியாமல் பொத்தானை அழுத்தினால், மீட்புப் பணியில் இருப்பவர்களின் பேச்சின் மேலேயே நம் பேச்சு விழுந்து அதை அழித்துவிடும். உதவப் போய் இடையூறாகும் நிலை இது. உரிம விவரம் சொல்லாமல் இவற்றை விற்பதை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் கண்டித்து, இணையக் கடைகளுக்கு வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. உரிமம் இன்றி வாக்கி-டாக்கி வேண்டும் என்றால், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை அரை வாட் ஆற்றலில் இயங்கும், அரசின் வகை ஒப்புதல் (இந்த மாடலை இங்கே பயன்படுத்தலாம் என்ற சான்று) பெற்ற கருவிகளை மட்டும் வாங்க வேண்டும். தெருக்களுக்குள் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அவை உதவும். ஊருக்குள் தொண்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மூன்றாவது தேவைக்கு அதுவே போதும். நான்கைந்து கருவிகள் இருந்தால் ஒரு குப்பத்தைச் சமாளிக்கலாம்.

கடலுக்குள் போகிறவர்களின் கணக்கு வேறு. விசைப்படகிலும் ஃபைபர் படகிலும் இருக்க வேண்டியது கடல்சார் வி.எச்.எஃப். கருவி. அதன் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகெங்கும் அபாய அழைப்புக்கும் அழைத்தலுக்கும் உரிய பொது அலைவரிசை. கேட்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட அவசரப் பேச்சு அங்கே வெளிப்படையாக ஓடுகிறது; கடலோரக் காவல்படையும் கப்பல்களும் அதில் செவி வைத்திருக்கின்றன. டி.எஸ்.சி. என்ற தானியங்கி அழைப்பு வசதி உள்ள கருவியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், படகின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் 70-ஆம் சேனலில் தானாகவே போய்ச் சேரும். கரையை விட்டுத் தொலைவில் மீன் பிடிப்பவர்களுக்கு வி.எச்.எஃப். எட்டாது, 2017 ஒக்கிப் புயலில் நாம் கொடுத்த விலைக்குப் பிறகு வந்த செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகள் அந்தத் தூரத்துக்கானவை. படகு வைத்திருப்பவர் ஸ்கேனரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மீன்வளத் துறை அலுவலகத்தில் கருவி, உரிமம் இரண்டையும் பற்றிக் கேட்பதே அவருக்கு முதல் வேலை. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும் படகின் உள்பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கரையில் இருக்கும் மன்றங்களுக்கு என் பரிந்துரை அமெச்சூர் உரிமம். 12 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் எவரும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவு நடத்தும் தேர்வை எழுதலாம். விண்ணப்பம் சரள் சஞ்சார் என்ற இணையதளம் வழியாகச் செய்யப்படுகிறது. இரு நிலைகள் உண்டு. ரெஸ்டிரிக்டட் நிலையில் மோர்ஸ் (புள்ளி, கோடுகளால் ஆன தந்தி மொழி) தேர்வு இல்லை; வானொலியில் நம்மை அடையாளம் காட்டும் அழைப்புக்குறி வி.யு.3 என்று தொடங்கும். மோர்ஸும் தேறி ஜெனரல் நிலைக்குப் போனால் வி.யு.2; அதிக ஆற்றலும் கூடுதல் அலைவரிசைகளும் கிடைக்கும். பிளஸ் டூ இயற்பியல் படித்த மாணவர், ஓமின் விதி, மின்தேக்கி, ஆன்டெனா நீளம், விதிமுறைகள் ஆகியவற்றை மாலை நேரங்களில் படித்தாலே முதல் நிலையைத் தேறிவிடலாம். பாலிடெக்னிக் படித்த மீனவப் பிள்ளைகள் நம் கரையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஊருக்கு மூன்று பேர் உரிமம் எடுத்தால் போதும்.

தூரத்தைப் பற்றிப் பலருக்கும் தவறான நம்பிக்கை உண்டு. வி.எச்.எஃப். அலை நேர்க்கோட்டில் செல்வதால், வாட் எண்ணிக்கையை விட ஆன்டெனாவின் உயரமே தூரத்தைத் தீர்மானிக்கிறது. இரு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, 4.1-ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோமீட்டரில் எல்லை தெரியும். மாடி மேல் 10 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனாவும், படகில் 3 மீட்டர் உயரத்தில் இன்னொன்றும் இருந்தால் 20 கிலோமீட்டர். கரையில் உள்ளதை 30 மீட்டர் உயரமுள்ள தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றினால் 30 கிலோமீட்டருக்கு நெருங்கிவிடும். கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள் இருப்பதாலும், இடையே மலை என்று எதுவும் இல்லாததாலும், இரு பக்கமும் உயரமான ஆன்டெனா இருந்தால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அமெச்சூர் பகுதியில் எந்தக் கோபுரத்தின் துணையும் இன்றி நேரடியாகவே பேசிக்கொள்ளலாம். நமது தட்டையான கரை நமக்குக் கொடுத்திருக்கும் பெரிய வசதி இது.

சென்னையையோ திருச்சியையோ எட்ட வேண்டுமானால் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு இறங்க வேண்டும். 20 மீட்டர் நீளமுள்ள சாதாரணச் செப்புக் கம்பியை நடுவில் வெட்டி, கருவியிலிருந்து வரும் ஊட்டுக் கம்பியை இணைத்து, தரையிலிருந்து நான்கைந்து மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டினால், அலை நேராக மேலே சென்று அயனி மண்டலத்தில் பட்டு, பகல் நேரத்தில் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மழை போல இறங்கும். தாழ்வாகக் கட்டுவதே இதற்கு ஏற்றது என்பதால் உயரமான கம்பம் தேவையில்லை. புயலில் கம்பி அறுந்தாலும் பத்து நிமிடத்தில் திரும்பக் கட்டிவிடலாம். 100 வாட் கருவி முழு ஆற்றலில் பேசும்போது 12 வோல்ட் மின்கலத்திலிருந்து சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். 20 வாட்டுக்குக் குறைத்து வைத்துக்கொண்டால் இன்வெர்ட்டர் மின்கலம் ஒன்றே ஓரிரு நாள் தாங்கும். டிஜிட்டல் கைக்கருவியா அனலாக்கா என்ற கேள்வி அமெச்சூர் பகுதியிலும் எழுகிறது. அவசர காலத்துக்கு அனலாக்கே என் தேர்வு. சமிக்ஞை வலுவிழக்கும்போது டிஜிட்டல் பேச்சு ஒரு கட்டத்தில் சட்டென்று அறுந்து மௌனமாகிவிடும். அனலாக்கில் இரைச்சலுக்குள் மூழ்கிக்கொண்டிருக்கும் குரலையும் பழகிய காது பிடித்துவிடும். ஒரு ஊர்ப் பெயரும் ஒரு எண்ணும் காதில் விழுந்தாலே படகு அனுப்பப் போதுமானது.

எச்சரிக்கையைப் பெறும் முதல் தேவைக்கு எல்லோர் வீட்டிலும் இருக்க வேண்டியது, மின்கலத்தில் ஓடும் பண்பலை ரேடியோப் பெட்டி. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், உரிமம் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் ‘பேரிடர் 107.8’ என்ற அவசரகாலப் பண்பலை வானொலி தொடங்கப்பட்டு, முகாம்கள், நிவாரணம், மருத்துவ உதவி பற்றிய செய்திகளை மக்களுக்கே நேராகச் சொன்னது. அதைக் கேட்க அந்தச் சிறிய பெட்டி போதுமாக இருந்தது. கோபுரம் இயங்கும் வரை கைபேசிக்கு வரும் அரசின் எச்சரிக்கை ஒலியையும் அணைத்து வைக்காதீர்கள்.

60,000 ரூபாயை எப்படிச் செலவிடலாம் என்று கேட்டால், என் கணக்கு இது. மூன்று பேருக்கான தேர்வும் உரிமமும் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். வகை ஒப்புதல் பெற்ற இரண்டு வி.எச்.எஃப். கைக்கருவிகளும், மாடியில் நிலையாக வைக்க ஒரு கருவியும், நல்ல வெளி ஆன்டெனாவும், உப்புக்காற்றில் அரிக்காத துருப்பிடியா எஃகுப் பிணைப்புகளும் சேர்ந்து பாதித் தொகையை எடுத்துக்கொள்ளும். மீதியில் ஒரு 12 வோல்ட் மின்கலம், சிறிய சூரியத் தகடு, தெருத் தொண்டர்களுக்கு அரை வாட் கருவிகள். 7 மெகாஹெர்ட்ஸ் கருவியை முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ள மூத்த அமெச்சூர் ஒருவரின் நிலையத்தில் உட்கார்ந்து பழகிவிட்டு, இரண்டாம் ஆண்டில் பயன்படுத்திய கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். கேபிளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மலிவான கேபிளின் உறைக்குள் ஒரே மழைக்காலத்தில் ஈரம் புகுந்து செப்பு கறுத்துப் போகும். பிறகு எவ்வளவு நல்ல கருவியும் ஊமைதான். ஒவ்வொரு இணைப்பையும் சுய-ஒட்டு ரப்பர் நாடாவால் சுற்றி, அதன் மேல் சாதாரண மின்நாடாவைச் சுற்ற வேண்டும்.

கருவி வந்தவுடன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு. உரிமம் பெற்றவர்களின் அழைப்புக்குறி, இருப்பிடம், கருவியின் எட்டும் தூரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையில் நேரில் கொடுத்து வைக்க வேண்டும். காவல்துறை பேசுவதை நாம் ஒட்டுக் கேட்பதற்குப் பதிலாக, அவர்கள் நம்மிடம் கேட்கும்படி செய்வதற்கான வழி இதுதான். வாரம் ஒரு மாலை, குறித்த நேரத்தில், கடலூர், பரங்கிப்பேட்டை, புதுச்சேரி என்று வரிசையாக அழைத்து வருகையைப் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால், எந்த ஆன்டெனா பழுதாகியிருக்கிறது என்பதும் யாருக்குப் பயிற்சி போதவில்லை என்பதும் மழைக்கு முன்பே தெரிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. விண்ணப்பம், தேர்வு, உரிமம், கருவி வாங்குதல் என்று எல்லாம் முடியப் பல மாதங்கள் பிடிக்கும். அடுத்த மழைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டுமானால், தை பிறந்தவுடன் படிக்கத் தொடங்கி, கோடை முடிவதற்குள் தேர்வை எழுதி முடித்துவிடுவது நல்லது.